மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதினேன் இல்லையா... வார்டன் மேடம் கூப்பிட்டு, ‘உனக்கு எழுத வேற விஷயமே கிடைக்கலையாம்மா?’ என்று கேட்டுவிட்டார். அதனால் இந்த வாரம் யாரும் கோபித்துக்கொள்ள முடியாத ஒரு நம்பரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு. 21 இலக்கம். கொஞ்சம் பெரிய ஆள்தான். ஆனா, பயப்படாம படிங்க. பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

அதற்கு முன்னால் ஒரு சோகக் கதை.

அஞ்சு வாரத்துக்கு முன்னால் எங்களுக்கு செமஸ்டர் ரிசல்ட் வந்தது. ராத்திரி பதினொன்றரை மணி. ஒரே ஒரு செல்போனைச் சுற்றி எட்டு தலைகள். சர்வர் தொங்கி, எழுந்து, மறுபடி தொங்கி... கடைசியில் என் பக்கம் திறந்தது. எல்லாம் பாஸ். எம்-3க்குப் பக்கத்தில் மட்டும் ரெண்டு எழுத்து. ஆர்.ஏ! ‘ரீஅப்பியரன்ஸ்’ என்பதன் சுருக்கம். நம்ம பாஷையில் அரியர். (எம்-3 என்றால் மேத்ஸ் மூன்றாம் பேப்பர். இன்ஜினீயரிங் படிக்கிற அண்ணன், அக்கா வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்க, பெருமூச்சு விடுவாங்க.)

எனக்கு அழுகைகூட வரவில்லை. குழப்பம்தான் வந்தது. நல்லாத்தானே எழுதினோம், எந்தக் கேள்வியில் போச்சு, எந்த வரியில் போச்சு? ரிசல்ட் பக்கம் அதையெல்லாம் சொல்லாது. தப்பு இருக்கு, அவ்வளவுதான். எங்கே என்று தெரிய வேண்டுமானால் பணம் கட்டி விடைத்தாளின் ஃபோட்டோகாபிக்கு அப்ளை பண்ண வேண்டும். மறுநாள் காலையில் வீட்டுக்கு போன் போட்டேன். அப்பா கத்துவார் என்று பார்த்தால், அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்.

‘எதுலம்மா தப்பு?’

‘தெரியலப்பா.’

‘எதுலன்னு தெரியாமலே எப்படி ஃபெயில்னு சொல்றாங்க?’

நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் ‘கிளாஸுக்கு நேரமாச்சுப்பா’ என்று வைத்துவிட்டேன். அந்தக் கடுப்பில் லைப்ரரியில் உட்கார்ந்து பழைய கணிதப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோதுதான் நம்ம ஹீரோ கண்ணில் பட்டார். அவருக்கும் என் நிலைமைதான். ‘ஃபெயில்... ஆனா, எதுலன்னு தெரியாது’ என்று 27 வருஷம் நின்றவர்!

இதோ ஆள்: 147573952589676412927.

சதுரங்கக் கட்டத்தில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததுக்கு ரெண்டு, அப்புறம் நாலு, எட்டு என்று வைத்து ராஜாவை ஓட்டாண்டியாக்கிய கதை தெரியும்தானே? பலகையில் 64 கட்டம்தான். அதோடு இன்னும் மூணு கட்டத்தை ஒட்டி, 67 கட்டத்துக்கும் நெல் வைத்துக் கூட்டினால் வரும் மொத்தம்தான் இது. ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம்ம ஊர் கணக்கில் வாய்விட்டுச் சொன்னால் சுமார் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி. கணக்குப் பாஷையில் 2-ன் 67-ம் அடுக்கு, அதில் ஒன்று கழி. கம்ப்யூட்டர் பாஷையில் இன்னும் அழகு. பைனரியில் எழுதினால் வரிசையாக 67 ஒன்றுகள். நடுவில் ஒரு சைபர்கூடக் கிடையாது.

இந்தக் குடும்பத்துக்குப் பெயர் மெர்சன் எண்கள். மரின் மெர்சன் என்பவர் பாரிஸில் இருந்த ஒரு துறவி. 2-ஐ அடுக்கிக்கொண்டே போய் ஒன்று கழித்தால் சில சமயம் பகா எண், அதாங்க பிரைம் நம்பர், கிடைக்கிறது. 3-ம் அடுக்கில் 7. அஞ்சில் 31. ஏழில் 127. எல்லாமே பிரைம். ‘அப்ப அடுக்கு பிரைமா இருந்தா விடையும் பிரைம்தான்’ என்று நீங்க துள்ளிக் குதிக்கும்போது 11 வந்து பல்பு கொடுக்கும். 2-ன் 11-ம் அடுக்கில் ஒன்று குறைத்தால் 2047. அது 23 பெருக்கல் 89. போச்சு!

1644-ல் மெர்சன் ஒரு புத்தகம் போட்டார். அதில் 257 வரைக்கும் எந்தெந்த அடுக்குகள் பிரைம் தரும் என்று ஒரு பட்டியல்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. மற்றதெல்லாம் தேறாது என்றும் சொல்லிவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று எழுதவில்லை. நம்ம பரீட்சையாக இருந்தால் ‘ஸ்டெப்ஸ் எங்கே?’ என்று சிவப்பு மையில் சுழித்திருப்பார்கள்.

அந்தப் பட்டியலை முழுசாகத் திருத்தி முடிக்க உலகத்துக்கு 1947 வரை ஆனது. முடிவு: 67-ம் 257-ம் தப்பு. 61, 89, 107 மூன்றையும் அவர் விட்டுவிட்டார். (61-ஐ 1883-ல் பிடித்தவர் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார். துறவி விட்டதைப் பாதிரியார் பிடித்தார்!) ‘பாவம், 61 என்று எழுத நினைத்து 67 என்று எழுதிட்டார்போல’ என்று சிலர் மெர்சனுக்காக வக்காலத்து வாங்குவதும் உண்டு. எனக்கு அந்தக் கட்சிதான் பிடிச்சிருக்கு. அவசரத்தில் 1-ஐ 7 மாதிரி எழுதி மார்க்கைக் கோட்டைவிட்ட அனுபவம் நமக்கும் இருக்கே!

சரி, 67 எப்படி மாட்டியது? இங்கேதான் பிரான்ஸைச் சேர்ந்த எதுவார் லூக்கா வருகிறார். சி.எஸ்., ஐ.டி. மக்களுக்கு இவர் சொந்தக்காரர் மாதிரி. ரிகர்ஷன் லேபில் எல்லாரும் போடுவோமே, ‘டவர்ஸ் ஆஃப் ஹனாய்’, அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் இவர்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த விளையாட்டில் 67 தட்டு வைத்து ஆடினால் குறைந்தபட்சம் எத்தனை தடவை நகர்த்த வேண்டுமோ, அந்த எண்ணிக்கைதான் நம்ம ஹீரோ.

1876-ல் லூக்கா ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். இன்றைக்குப் புத்தகங்களில் இருக்கும் எளிய வடிவம் பிறகு லேமர் என்பவர் செப்பனிட்டது. ரொம்ப ஈஸி. பேப்பர் பேனா எடுங்க.

4-ல் ஆரம்பிக்கணும். அதை வர்க்கப்படுத்தி 2 கழிக்கணும். வந்ததை நம்ம நம்பரால் வகுத்து, மீதியை மட்டும் வெச்சுக்கணும். திரும்ப அந்த மீதியை வர்க்கம், மைனஸ் 2, வகுத்தல், மீதி... அடுக்கு எதுவோ அதைவிட ரெண்டு தடவை குறைவாக இப்படிச் செய்யணும். கடைசியில் மீதி சைபர் வந்தால் பிரைம். வேறு எது வந்தாலும் பிரைம் இல்லை.

31-க்குப் போட்டுப் பார்ப்போம். அது 2-ன் 5-ம் அடுக்கில் வந்தது, அதனால் மூணு சுற்று. 4-ன் வர்க்கம் 16, ரெண்டு போக 14. அதன் வர்க்கம் 196, ரெண்டு போக 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. அதன் வர்க்கம் 64, ரெண்டு போக 62, மீதி சைபர். பாஸ்!

இப்போ 2047. ஒன்பது சுற்று. 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. கடைசியில் நிற்பது 1736. சைபர் இல்லை. ஃபெயில்.

இந்த 1736-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. 2047-ஐ உடைக்கும் 23-ஓ 89-ஓ அதில் எங்கேயாவது தெரிகிறதா? ஒரு சுற்றிலாவது எட்டிப் பார்த்ததா? கிடையாது. இந்தச் சோதனை நம்பரை உடைக்கவே இல்லை. உடைக்காமலே ‘இது உடையும்’ என்று சொல்லிவிட்டது. சி புரோகிராம் ஓட்டும்போது திரையில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று மட்டும் வந்து, எந்த வரியில் என்று சொல்லாமல் நிற்குமே... அதே ஸ்டைல்.

லூக்கா தன் முறையில் 67-ஐயும் சோதித்தார். இப்போதைய வடிவில் செய்தால் 65 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 21 இலக்க நம்பரை வர்க்கப்படுத்தி வகுக்கணும், அதுவும் கையால். முடிவு, ஃபெயில். 232 வருஷமாக பிரைம் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த நம்பர் பிரைம் இல்லை. ஆனால் எந்த ரெண்டு நம்பரைப் பெருக்கினால் இது வரும்? லூக்காவுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அப்பாவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் இதுதான். எதில் தப்பு என்று தெரியாமலே ஃபெயில் என்று சொல்ல முடியும். கணக்கில் அது ஒரு நிரூபணம். ஒரு கேள்விக்குறியும் இல்லாத, சுத்தமான நிரூபணம். அன்றைக்கே போன் போட்டு இதைச் சொன்னேன். ‘அது நம்பருக்கு சரிம்மா, உனக்கு யாரும்மா நிரூபிச்சா?’ என்றார். அப்பாவிடம் வாதாடக் கூடாது மக்களே!

காட்சி மாறுகிறது. 1903 அக்டோபர் 31, சனிக்கிழமை, நியூயார்க். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். அதன் செயலாளர், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் பேச எழுந்திருக்கிறார். தலைப்பு, பெரிய எண்களைக் காரணிப்படுத்துதல். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. போர்டு பக்கம் போனார். சாக்பீஸ் எடுத்தார். 2-ன் 67-ம் அடுக்கைக் கையாலேயே கணக்குப் போட்டு, ஒன்று கழித்து எழுதினார். பிறகு போர்டின் இன்னொரு பக்கம் நகர்ந்தார். ரெண்டு நம்பர் எழுதினார்.

193707721

761838257287

பள்ளிக்கூடத்தில் போடுவோமே, அதே மாதிரி ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசை வரிசையாகப் பெருக்கினார். கூட்டினார். விடை வந்தது. ரெண்டு பக்கமும் ஒரே நம்பர்! சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அரங்கமே எழுந்து கைதட்டியது. ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இந்தக் காட்சியை நமக்குச் சொல்கிறவர் இ.டி.பெல் என்ற கணிதப் பேராசிரியர். கணித மேதைகளைப் பற்றி ருசியாகக் கதை எழுதியவர். கொஞ்சம் மசாலா தூவுகிற பழக்கம் உண்டு என்று மற்றவர்கள் குறை சொல்வார்கள். அதனால் கைதட்டல் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்க. பெருக்கலில் மட்டும் மசாலா கிடையாது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். கோல் அதே 1903-ல் கழகத்தின் இதழில் கட்டுரையாகவும் எழுதிவிட்டார்.

நான் போட்டுப் பார்த்தேன்!

முதலில் சோம்பேறித்தனமாக லேபில். ரெண்டு நம்பரையும் ‘லாங் லாங்’ வேரியபிளில் போட்டு, பெருக்கி, பிரின்ட் பண்ணு என்றேன். திரையில் வந்த விடை... மைனஸ் 1.

பின்னால் இருந்து என் ரூம்மேட், ‘ஏய், ரெண்டு பிளஸ் நம்பரைப் பெருக்கினா மைனஸ் எப்படிடி வரும்? எம்-3ல நீ ஏன் போனேன்னு இப்பதான் புரியுது!’ என்று சிரிக்கிறாள். நானும் அசடு வழிந்தேன். அப்புறம் யோசித்தபோதுதான் பொறி தட்டியது. நம்ம ஹீரோ பைனரியில் 67 ஒன்றுகள் என்று சொன்னேனே... அந்த வேரியபிளில் 64 பிட்டுக்குத்தான் இடம். மேலே இருக்கிற மூணு ஒன்றுகள் வெளியே விழுந்துவிட்டன. உள்ளே மிச்சம் 64 ஒன்றுகள். எல்லாமே ஒன்றாக இருந்தால் கம்ப்யூட்டர் கணக்கில் அது மைனஸ் 1. ஆக, தப்பான விடையே ‘நான் வெறும் ஒன்றுகளால் ஆனவன்’ என்று காட்டிக்கொடுத்துவிட்டது. ரூம்மேட்டுக்கு இதை விளக்கி நான் வாங்கிய ‘ஓ!’ இருக்கே... அதுக்கே ஒரு மார்க் போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கரன்ட் இல்லை. பிரியாணி தின்ற மயக்கத்தில் மொத்த ஃப்ளோரும் தூங்குகிறது. ரெக்கார்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக் கையாலேயே பெருக்க உட்கார்ந்தேன். 12 இலக்கம் மேலே, 9 இலக்கம் கீழே. பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் கீழே இருக்கிற 193707721-ஐக் கவனிங்க. ஏழு மூணு தடவை வருகிறது, ஒரு தடவை பெருக்கினால் மற்ற ரெண்டுக்கும் காப்பிதான். ஒன்றுக்குப் பெருக்கவே வேண்டாம். சைபருக்கு ஒன்றுமே இல்லை. உண்மையில் 2, 3, 7, 9 என்று நாலே நாலு வரிசைதான் வேலை. இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

சரிபார்க்க என் தாத்தாவின் டெக்னிக் ஒன்று உண்டு. தாத்தா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பெருக்கிய நம்பர்களின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போகணும். விடைக்கும் அப்படியே செய்யணும். ரெண்டும் பொருந்தாவிட்டால் கணக்கு தப்பு. 193707721-ன் இலக்கங்களைக் கூட்டினால் 37, அதைக் கூட்டினால் 10, கடைசியில் 1. இன்னொன்று 64, 10, அதுவும் 1. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று. என் விடையைக் கூட்டினேன். ஒன்று! ரூமுக்குள் தனியாக ஒரு குத்தாட்டம் போட்டுவிட்டு, புத்தகத்தில் இருக்கும் நம்பரோடு ஒப்பிட்டேன். ஒப்பவில்லை. எண்ணிப் பார்த்தால் என்னுடையதில் 20 இலக்கம்தான்!

விஷயம் என்னவென்றால், சைபர்தானே என்று அந்த வரிசைக்கு இடமே விடாமல் அடுத்ததை எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே வந்த எல்லா வரிசையும் ஒரு இடம் வலது பக்கம் தள்ளி உட்கார்ந்துவிட்டன. அதாவது, 193707721-க்குப் பதில் 19377721-ஆல் பெருக்கியிருக்கிறேன். சைபரை எடுத்தால் கூட்டுத்தொகை மாறாதே, அதனால் தாத்தாவின் செக் ஏமாந்துவிட்டது. அந்த செக் ‘தப்பு’ என்றால் கண்டிப்பாகத் தப்பு. ‘சரி’ என்றால் சரியாக இருக்கலாம், அவ்வளவுதான். தாத்தா இதைச் சொல்லித்தரவில்லை. ஒருவேளை மண்டியில் அவர் சைபருக்கு ஒழுங்காக இடம் விட்டிருப்பார்.

ரெண்டாவது தடவை நிதானமாகப் போட்டேன். ...412927 என்று முடிந்தபோது கரன்ட்டும் வந்தது. (சத்தியமாக! மசாலா இல்லை.) மொத்தம் முக்கால் மணி நேரம்.

அந்த ரெண்டு நம்பர் கைக்கு வந்தபிறகு எனக்கே முக்கால் மணி நேரம்தான். கோலுக்கு அவற்றைத் தேட எவ்வளவு ஆனது? பெல் அவரிடமே கேட்டிருக்கிறார். மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் என்று பதில் வந்ததாம்.

கஷ்டம் எங்கே என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்ம ஹீரோவை எந்த நம்பர் வேண்டுமானாலும் வகுத்துவிட முடியாது. அதற்கு ஒரு விதி உண்டு. காரணி எதுவாக இருந்தாலும் 134-ன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 134 என்பது 67-ன் இரட்டிப்பு. (2047-க்குப் பார்த்துக்கொள்ளுங்க. 23 என்பது 22 கூட்டல் 1. 89 என்பது நாலு 22 கூட்டல் 1.) இன்னொரு விதி, அதை எட்டால் வகுத்தால் மீதி ஒன்றோ ஏழோதான் வரணும். ரெண்டு விதியையும் வைத்து வடிகட்டினாலும் முதல் காரணியான 193707721-ஐத் தொடுவதற்கு முன் ஏழு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல் நம்பர்களை வகுத்துப் பார்க்கணும். ஒரு வகுத்தலுக்குப் பத்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து மணி நேரம் என்று வைத்தால்... 231 வருஷ ஞாயிற்றுக்கிழமை! பிரைம் நம்பர்களை மட்டும் பொறுக்கி வகுத்தாலும் கால் நூற்றாண்டு ஆகும். கோல் அப்படி முட்டிக்கொள்ளவில்லை. இருபடி எச்சங்கள் என்ற விஷயத்தை வைத்து, காரணி எங்கெல்லாம் இருக்க முடியாது என்று கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே வந்து, தேடும் இடத்தைச் சுருக்கினார். அப்படியும் மூணு வருஷம்.

இன்றைக்கு? எங்கள் லேபில் லினக்ஸ் இருக்கிறது. ‘ஃபேக்டர்’ என்று ஒரு கமாண்ட். நம்பரைக் கொடுத்து என்டர் தட்டினால், விரலை எடுப்பதற்குள் ரெண்டு காரணியும் வந்துவிட்டது. எனக்கென்னவோ கொஞ்சம் வருத்தமாக இருந்தது. கோலிடம் இதைக் காட்டினால் சிரித்திருப்பாரா, கடுப்பாகியிருப்பாரா?

ஆனால் கம்ப்யூட்டர் வந்துவிட்டதால் பெருக்குவதும் உடைப்பதும் சமமாகிவிட்டது என்று நினைக்காதீங்க. பெருக்குவது ஈஸி, உடைப்பது கஷ்டம் என்கிற அந்த இடைவெளியை நம்பித்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் ஆர்.எஸ்.ஏ. என்ற ரகசியப் பூட்டைக் கண்டுபிடித்தார்கள். அந்த வருஷமே 129 இலக்க நம்பர் ஒன்றைக் கொடுத்து, இதை உடைத்து உள்ளே இருக்கும் செய்தியைப் படித்தால் 100 டாலர் என்று சவால் விட்டார்கள். 1994-ல் ஏறத்தாழ 600 பேர் இன்டர்நெட் வழியாகக் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து, பல மாதம் ஓடவிட்டு உடைத்தார்கள். 17 வருஷம்! இப்போது இந்தப் பூட்டில் சாதாரணமாகப் போடும் நம்பருக்கு 617 இலக்கம். அதைச் செய்ய ரெண்டு பிரைம் நம்பரை எடுத்துப் பெருக்கினால் போதும், கண் சிமிட்டும் நேரம்தான். பெருக்கியதைத் திரும்ப உடைப்பது மட்டும் நம்மிடம் இருக்கிற கம்ப்யூட்டர்களால் முடியாத காரியம்.

நம்ம நாட்டுக்கும் இதில் ஒரு பெரிய பங்கு இருக்கு, அதுவும் நம்மளை மாதிரி பசங்களோட பங்கு. 2002 ஆகஸ்ட். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் சேர்ந்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். லூக்காவின் சோதனை மெர்சன் குடும்பத்துக்கு மட்டும்தான். இது எந்த நம்பராக இருந்தாலும், பிரைமா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல், நியாயமான நேரத்துக்குள் சொல்லிவிடும். உலகமே திரும்பிப் பார்த்தது. 2006-ல் கேடல் பரிசு. ஃபைனல் இயர் பிராஜெக்ட் என்று நாம எதையெல்லாம் சப்மிட் பண்றோம் என்று நினைத்து ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி!

ஆனா, அந்த முறையும் பிரைமா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். இல்லை என்றால் காரணி எது என்று சொல்லாது. பாஸா ஃபெயிலா என்று கண்டுபிடிக்க இத்தனை வழி. எங்கே தப்பு என்பதற்கு அந்த மாதிரி ஒரு வேகமான வழி இன்னும் யாருக்கும் கிடைக்கவில்லை.

போன வியாழக்கிழமை என் ஃபோட்டோகாபி வந்தது. ஃபூரியர் சீரிஸ் கேள்வி. நாலாவது வரி. ‘காஸ் என் பை’ என்றால் மைனஸ் ஒன்றின் என்-ம் அடுக்கு, அதாவது ஒன்று விட்டு ஒன்று மைனஸ் வரணும். நான் எல்லாவற்றுக்கும் பிளஸ் ஒன்று போட்டுவிட்டு, அதை நம்பி அழகழகாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு தப்புகூட இல்லை. திருத்தியவர் நாலாவது வரியில் ஒரு சின்ன சிவப்பு வட்டம் போட்டிருந்தார். ரொம்ப நேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு போன் போட்டு, ‘நாலாவது வரிப்பா’ என்றேன். ‘ம்... இப்ப சரி’ என்றார். ஏப்ரலில் மறுபடி எழுதணும். ரீவேல்யூவேஷன் போடவில்லை. அந்த வட்டத்தோடு சண்டை போட எனக்கு ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். மெர்சன் குடும்பத்தில் 1277, 1279 என்று ரெண்டு அடுக்குகள், அடுத்தடுத்த ரோல் நம்பர் மாதிரி. 1279-ஐ 1952-லேயே ராபின்சன் என்பவர் அன்றைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓட்டிப் பார்த்து பிரைம் என்று காட்டிவிட்டார். 1277-க்கு அதே லூக்கா சோதனையைப் போட்டால் சைபர் வரவில்லை. அதனால் பிரைம் இல்லை என்று உறுதி. 385 இலக்கம். எத்தனையோ ஊர்களில் யார் யாரோ தங்கள் கம்ப்யூட்டரை ராத்திரி பகலாக ஓடவிட்டுத் தேடியிருக்கிறார்கள். நான் இதை எழுதும் வரை ஒரு காரணிகூட சிக்கவில்லை. 2024 அக்டோபரில் நாலு கோடியே பத்து லட்சம் இலக்கத்துக்கு மேல் இருக்கும் ஒரு மெர்சன் பிரைமையே பிடித்துவிட்டார்கள். இந்த 385 இலக்கக் குட்டி மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

1279 பாஸ். பக்கத்து பெஞ்ச் 1277... ஆர்.ஏ. ஃபோட்டோகாபி இன்னும் வரலை.